கணக்கெடுப்பு எண்ணுவது குடும்பத்தையா, குடித்தனத்தையா?

மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் வயதான பெற்றோர் வசிக்கின்றனர். இரண்டாம் தளத்தில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அடையாறில் இன்னொரு முதிய தம்பதி. அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். சமையல் தனித்தனி என்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவ்விரு பெற்றோரும் ஒன்றுபோலவே பதிவாவார்கள்: இருவர் கொண்ட குடும்பம்.

காரணம், வரையறை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுச் சமையலறையில் உண்போரையே கணக்கெடுப்பு ஒரு குடும்பமாகக் கொள்கிறது. ரத்த உறவு கட்டாயமில்லை. தியாகராய நகரில் வீடெடுத்து ஒன்றாகச் சமைத்துண்ணும் நான்கு நண்பர்களும் ஒரு குடும்பமே. இதற்குப் பொருத்தமான சொல் 'குடித்தனம்'. குடித்தனம் அடுப்பைச் சார்ந்தது. குடும்பமோ உறவையும் கடமையையும் சொத்தையும் சார்ந்தது. சமூகவியலாளர் ஏ.எம்.ஷா, 1973-இல் வெளியான தம் நூலில் இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கினார்.

வேறுபாட்டை மறந்தால் புள்ளிவிவரம் தடுமாற வைக்கும். 2011 கணக்கெடுப்பின்படி சென்னையின் மக்கள்தொகை 46.47 லட்சம், குடும்பங்கள் சுமார் 11.5 லட்சம். சராசரி, குடும்பத்துக்கு நால்வர். இந்திய அளவில் இது ஏறத்தாழ ஐவர். இதைக் கொண்டு கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால், தமிழ்நாட்டில் அக்காலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 குழந்தைகளே பிறந்தன. எவரும் பிரிந்து போகாமலே, பிறப்பு குறைவதாலும் குடும்பம் சிறுக்கும். சராசரி மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

கணக்கெடுப்பைக் குறை சொல்வதற்கில்லை. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, வீட்டில் எத்தனை மணமான தம்பதியர் என்றெல்லாம் அது கேட்கிறது. வீட்டுக்குள் இருக்கும் அமைப்பை இவற்றால் அறியலாம். வீட்டுக்கு வெளியே உள்ள உறவுதான் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் மாடியிலிருந்து இறங்கி வர ஒருவர் இருக்கிறாரா என்பதை அந்த ஏடு சொல்லாது. 2011-லேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 சதவீதம், இந்திய அளவில் 8.6 சதவீதம். எனவே, நமக்கு இது ஏட்டளவிலான ஐயமன்று. முதியோருக்கான மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றை எங்கே, எவருக்கு முதலில் அளிப்பது என்பது இதைப் பொறுத்தது.

தனியே வாழும் பிள்ளைகளைப் பற்றியும் வினவும் 'லாசி' என்னும் தேசிய முதுமை ஆய்வின் முதல் சுற்று 2017-18-இல் நடந்தது. அது மாதிரி ஆய்வு என்பதால் ஒரு தெருவின் நிலையை அதிலிருந்து அறிய இயலாது. அடுத்த கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. அதில் முதியோர் மட்டுமே வாழும் வீடுகள் மிகுந்த பகுதிகள் தெரியவரும். அப்பகுதிகளில் மாநகராட்சி சிறிய ஆய்வொன்றை நடத்தி, "அருகில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் போதும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது, குடும்ப அட்டையில் எத்தனை பெயர் என்று பார்த்துச் சொல்லாமல், நம் சமையலறையில் உண்போர் எத்தனை பேர் என்று சொல்வோம். அடுப்புக் கணக்காவது சரியாக இருக்கட்டும். உறவுக் கணக்கை அதன்மேல்தான் எழுப்ப முடியும்.