நிலநூலும் விண்ணூலும் கற்க விரும்புவோர் அறிய வேண்டுவன

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் நம் அங்கத்தினர் இல்லங்களில் ஒரு வாரத்திற்குள் தீர்மானமாகும் காரியம் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பில் பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதே அது. எந்தப் பள்ளி அருகில் இருக்கிறது, எந்தப் பிரிவில் இடம் கிடைக்கிறது, உடன் படித்த தோழி எதில் சேர்ந்தாள் என்பன போன்ற காரணங்களே பெரும்பாலும் அத்தீர்மானத்தைச் செய்துவிடுகின்றன. கல்லூரி வாசலை அடையும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கல்லூரியில் எவை திறக்கும், எவை திறவா என்பது அந்த ஒரு வாரத்தில் முடிவாகிவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இதனை விளக்க, நிலத்தையும் விண்ணையும் ஆராயும் விஞ்ஞானத் துறையை ஈண்டு எடுத்துக்கொள்வோம். சந்திரயான்-3 என்னும் விண்கலம் 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 ஆம் நாள் நிலவில் இறங்கிய பின்னர், இத்துறையைப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் பெருகியிருக்கின்றனர்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். பூமியும் விண்ணும் பற்றிய படிப்பு என்பது ஒரே பட்டமன்று. பாறைகளையும் கனிகளையும் நிலத்தடி நீரையும் ஆராயும் நிலவியல், மின்சாரத்தாலும் அதிர்வாலும் பூமியின் உட்புறத்தை அளந்தறியும் புவிப் பௌதிகம், மழையையும் காற்றையும் கணிக்கும் வானிலையியல், கடலியல், விண்மீன்களை ஆராயும் வானியல், விண்கலங்களைச் செய்யும் பொறியியல் ஆகிய இவை அனைத்தும் அப்பெயருள் அடங்கும். இவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் கணிதமும் இயற்பியலுமே அடித்தளம். நம் காலத்தில் பௌதிகம் என்று வழங்கியதைத்தான் இன்றைய பாடநூல்கள் இயற்பியல் என்கின்றன.

நம் தொழிலுக்கு மிக அருகில் நிற்பது நிலவியல். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறையால் ஆயது. இத்தகைய நிலத்தில் நீர் எங்கும் பரந்து கிடப்பதில்லை. மேற்புறம் சிதைந்து இளகிய பாறைப் படலத்திலும், அதன் கீழ் உள்ள வெடிப்புகளிலுமே அது தங்கும். ஆதலால்தான் ஒரு தோட்டத்தில் ஊற்றுப் பெருகும் கிணறும், அடுத்த தோட்டத்தில் ஆயிரம் அடி துளைத்தும் புழுதியே வரும் ஆழ்குழாயும் காணப்படுகின்றன. உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தியும், வேப்பங்கவையை ஏந்தியும் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து, அவர் காட்டிய இடத்தில் கடன் வாங்கித் துளையிட்டு இழந்த விவசாயிகள் எத்தனை பேர் என்பதை நம் சங்கங்களின் கடன் பதிவேடுகளே கூறும்.

நிலவியல் கற்றவர் செய்வது வேறு. நான்கு உலோகக் கோல்களைத் தரையில் நட்டு, வெளிப்புறத்து இரண்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உட்புறத்து இரண்டிற்கும் இடையே மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறார். வெளிக் கோல்களை விலக்கி விலக்கி நடுந்தோறும் மின்சாரம் மேலும் ஆழமாகப் பாய்கிறது. உலர்ந்த பாறை மின்சாரத்தை மிகவும் தடுக்கும்; நீர் நிறைந்த சிதைவுப் பாறை குறைவாகவே தடுக்கும். இத்தடையின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு எவ்வளவு ஆழத்தில் என்ன உள்ளது என்று கணிக்கிறார். களிமண்ணும் உவர்நீரும் கூட மின்சாரத்தை எளிதில் விடுவன ஆதலின், இக்கணிப்பும் சில வேளை பிழைபடும். எனினும் பிழைக்குக் காரணம் கூறத்தக்க முறை இது; தேங்காய் முறையில் அதற்கும் வழியில்லை.

இக்கல்விக்குரிய பட்டம் இளம் அறிவியல் நிலவியல். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ. சிதம்பரம் கல்லூரி முதலியன இப்பாடத்தை நெடுங்காலமாகக் கற்பித்து வருவன. பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடங்கள் படித்திருத்தல் வேண்டும் என்பது பொது விதி. எந்தெந்தப் பாடங்கள் என்பதை ஒவ்வொரு பல்கலைக் கழகமும் தானே வகுத்துக்கொள்கிறது. உயிரியல் பிரிவினரையும் பெரும்பாலும் ஏற்கின்றனர். கனிமவியல், பாறையியல், தொல்லுயிர் எச்சங்கள், நில அடுக்குகளின் வரலாறு, நிலத்தடி நீரியல் ஆகியவை பாடங்கள். இவற்றோடு, சுத்தியலும் திசைகாட்டியும் ஏந்தி வெளியிடங்களில் பாறைகளைப் பார்த்து வரைபடம் எழுதும் களப்பயிற்சியும் உண்டு. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகள் இதற்குப் பெயர்பெற்றவை. முன்னொரு யுகத்தில் கடல் கிடந்த அவ்விடத்தில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் இன்றும் கையில் கிடைக்கின்றன. பெண் பிள்ளைகளை வெளியூர்க் களப்பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே உளர். அப்பயிற்சி இல்லாமல் இப்பட்டம் நிறைவு பெறாது என்பதைச் சேர்க்கும் முன்பே அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இளம் அறிவியல் பட்டத்தோடு நின்றுவிட்டால் இத்துறையில் உயர்ந்த உத்தியோகம் கிட்டுவது அரிது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1851 ஆம் ஆண்டு தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்திற்கும் ஆள் எடுக்க மத்தியத் தேர்வாணையம் நடத்தும் புவி விஞ்ஞானிகள் தேர்வு, முதுகலைப் பட்டத்தையே அடிப்படைத் தகுதியாகக் கேட்கிறது. ஆதலால் மூன்றாண்டுப் படிப்பாக அன்றி, ஐந்தாண்டுப் படிப்பாகவே குடும்பத்தார் இதனைக் கணக்கிட வேண்டும். முதுகலையை ஐ.ஐ.டி. நிறுவனங்களில் படிக்க ஜாம் என்னும் பொது நுழைவுத் தேர்வு உள்ளது. அதில் நிலவியலுக்குத் தனித் தாள் உண்டு. உள்ளூர்க் கல்லூரியில் குறைந்த செலவில் மூன்றாண்டு படித்து, பின்னர் இத்தேர்வின் வழியே மும்பைக்கோ கரக்பூருக்கோ செல்லுதல், நம்மவர்க்கு மிகவும் ஏற்ற வழி என்பது என் கருத்து.

வானிலைத் துறைக்கு வருவோம். ஐப்பசி மழை எந்நாள் இறங்கும் என்பது நெல் நட்டவனுக்கு மட்டும் கவலையன்று. பாவு தோய்வதற்குத் தெருவில் வெயில் வேண்டும். குழித்தறியில் நீர் ஊறினால் நெசவு நின்றுவிடும். 1875 இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத்துறை இன்று செயற்கைக் கோள்களையும் ராடார் கருவிகளையும் பெருங் கணினிகளையும் கொண்டு மழையைக் கணிக்கிறது. இத்துறையில் நுழைய விரும்புவோர் இயற்பியலிலோ கணிதத்திலோ இளம் அறிவியல் பட்டம் பெற்று, பின்னர் கொச்சிப் பல்கலைக் கழகம், விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக் கழகம் போன்றவற்றில் வானிலையியலை முதுகலையாகக் கற்பது வழக்கமான பாதை.

இத்துறையின் விஞ்ஞான உதவியாளர் பதவிக்கு 2022 இல் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய தேர்வைச் சான்றாகக் கூறலாம். பட்டம் மட்டும் அதற்குப் போதவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருத்தல் வேண்டும் என்றும் விதி இருந்தது. கல்லூரியில் நன்றாகத் தேறிய ஒருவர், பதினைந்து வயதில் கணிதத்தை விட்டுவிட்ட ஒரே காரணத்தால் விண்ணப்பிக்கக்கூட இயலாது போகிறார். கட்டுரையின் தொடக்கத்தில் நான் கூறிய ஒரு வாரத்தின் விலை இதுவே.

இனி விண்வெளி. விண்வெளித் துறையின் சார்பில் 2007 ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் நிறுவப்பட்ட கல்வி நிறுவனம், நேரே இத்துறைக்கென்றே மாணவரைப் பயிற்றுகிறது. டாக்டர் அப்துல் கலாம் அதன் முதல் வேந்தராக விளங்கினார். விண்கலப் பொறியியல், மின்னணுப் பொறியியல் என்னும் இரண்டு நான்காண்டுப் படிப்புகளும், பொறியியற் பௌதிகத்தில் தொடங்கி வானியலிலோ புவி அமைப்பு விஞ்ஞானத்திலோ முடியும் ஐந்தாண்டு இரட்டைப் பட்டமும் அங்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். ஒரு மொழிப்பாடமும் மற்றொரு பாடமும் சேர்த்து ஐந்திலும் மொத்தம் 75 விழுக்காடு பெற வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடற்குறையுடையோர் ஆகியோர்க்கு 65 விழுக்காடு. இவற்றிற்கு மேல், ஜே.ஈ.ஈ. அட்வான்ஸ்டு என்னும் நுழைவுத் தேர்வில் தேறியவரையே தரவரிசைப்படுத்திச் சேர்க்கின்றனர்.

இந்நுழைவுத் தேர்வு இரு படிகளாக நடப்பது. முதற்படியாகிய ஜே.ஈ.ஈ. மெயின் 2021 முதல் தமிழிலும் எழுதத்தக்கதாயிற்று. இரண்டாம் படியாகிய அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடைபெறுகிறது. தமிழ் வழியில் பயிலும் நம் பிள்ளைகள் முதற்படியைத் தமிழில் தாண்டிவிட்டு, இரண்டாம் படியில் கேள்வியின் மொழியே விளங்காது திகைக்க நேரும். பதினோராம் வகுப்பிலிருந்தே இயற்பியல், கணிதக் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகுவதே இதற்குப் பரிகாரம். ஆசிரியர்கள் மனம் வைத்தால் இது செலவில்லாத காரியம்.

இத்தேர்வில் வெல்லாதவர்க்கு விண்வெளிக் கதவு அடைந்துவிட்டதாக எண்ண வேண்டா. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் புகழ்பெற்ற நம்மவருள் பலர் வேறு வழிகளில் சென்றவர்களே. அதன் தலைவராக 2018 முதல் 2022 வரை விளங்கிய கே. சிவன், குமரி மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, நாகர்கோவிலில் கணிதப் பட்டம் பெற்று, அதன் பின்னரே சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்றவர். சூரியனை ஆராய 2023 இல் அனுப்பப்பட்ட ஆதித்யா கலத்தின் திட்ட இயக்குநரான நிகர் ஷாஜி, செங்கோட்டையில் ஒரு விவசாயியின் மகளாகப் பிறந்து, திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். சந்திரயான்-3 இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பாலிடெக்னிக் பட்டயம் பெற்று, அதிலிருந்து பொறியியற் பட்டத்திற்குச் சென்றவர்.

மூன்றாவது வழியை நம் அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பிற்குப் பின் மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர், பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் முடிந்தவுடன் ஏதேனும் வேலை கிடைக்கும் நிலையில் இருப்பதால், தறியை நம்பிய குடும்பத்திற்கு இடையில் கை முறிந்தாலும் முழு நட்டம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்த இளம் அறிவியல் பட்டதாரிக்கும் இவ்வாறு இரண்டாம் ஆண்டில் சேரும் வழி உண்டு. இங்கும் கணிதமே நிபந்தனை என்பதைக் காண்க.

வானியலை விரும்புவோர்க்கு இளம் அறிவியல் இயற்பியலே வாயில். இரவெல்லாம் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பதே இவர்கள் தொழில் என்று பலர் கருதுகின்றனர். கொடைக்கானலில் 1899 இல் நிறுவப்பட்ட ஆய்வகத்தில் சூரியனைப் பகலில் நோக்கி வருகின்றனர். உதகையில் 1970 இல் அமைந்த 530 மீட்டர் நீள ரேடியோத் தொலைநோக்கியில் கண் வைப்பதற்கே இடமில்லை. சவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் பெரிய தொலைநோக்கி காட்டுவனவும் இன்று கணினியில் எண்களாகவே வந்து சேர்கின்றன. இவ்வெண்களைப் பகுத்தறியும் கணிதமே தொழிலின் பெரும்பகுதி.

வணிகப் பிரிவும் கலைப் பிரிவும் எடுத்தவர்க்கு இத்துறையில் மிகச் சிறிய இடமே உள்ளது. புவியியல் பட்டம் பெற்று, வரைபடக் கணினிப் பயிற்சியும் செயற்கைக் கோள் படங்களை ஆயும் பயிற்சியும் அடைந்தவர் வேலை பெறுகின்றனர். பயிர்ப் பரப்பையும் ஏரி நீரையும் அளக்க இத்தகையோர் வேண்டப்படுகின்றனர். 2025 ஜூலை 30 இல் ஏவப்பட்ட நிசார் என்னும் செயற்கைக் கோள், 12 நாட்களுக்கு ஒரு முறை பூமியின் தரையை மேகத்தை ஊடுருவி அளக்கவல்லது. அதன் அளவீடுகளை வட்டாரம் வட்டாரமாகப் படித்துரைக்க ஆட்கள் தேவைப்படுவர்.

செலவைப் பற்றிச் சிறிது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2021 இல் சட்டம் இயற்றியது. அவ்வொதுக்கீட்டில் சேர்ந்தவரின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. நகரத்துத் தனியார் பள்ளிக்கு எட்டாம் வகுப்பில் பிள்ளையை மாற்ற நினைப்பவர் இதனையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, சான்றிதழ் பற்றிய ஒரு செய்தி. நம் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் பிற்பட்டோர் சாதிச் சான்று மாநிலக் கல்லூரிகளுக்கு மட்டுமே செல்லும். திருவனந்தபுரம் நிறுவனம், ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் இட ஒதுக்கீடு பெற, வருமான வரம்பைக் குறிப்பிடும் மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியே பெற வேண்டும். அதுவும் விண்ணப்பிக்கும் ஆண்டின் ஏப்ரல் 1 ஆம் நாளுக்குப் பின் வழங்கப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்று கேட்கின்றனர். ஆதலால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன், முடிவுக்குக் காத்திராமல், இ-சேவை மையத்தில் இதற்கு மனுச் செய்துவிட வேண்டும்.