‘டிஸ்டர்ப்’ என்னும் ஒரு சொல்

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அங்கு நான் முதலில் கற்ற ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘டிஸ்டர்ப்’. பேனாவை ஒளித்து வைத்தாலும் ‘டிஸ்டர்ப்’, பட்டப்பெயர் சொல்லி அழைத்தாலும் ‘டிஸ்டர்ப்’.

இச்சொல்லுக்கு அகராதி தரும் பொருள் அமைதியைக் கலைத்தல், இடையூறு செய்தல் என்பனவாகும். சீண்டுதல் என்னும் பொருள் நம் நாட்டுப் பேச்சில்தான் மிகுதி. ‘கச்சாவ்’ என்ற மலாய்ச் சொல்லின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு டோடோல் கிண்டுவதும் ‘கச்சாவ்’. தங்கையின் சடையை இழுப்பதும் ‘கச்சாவ்’. நாமும் சளைத்தவர்கள் அல்லர். களியையும் கிண்டுகிறோம், ஆளையும் கிண்டல் செய்கிறோம்!

ஆனால் தமிழில் இதற்குப் படிநிலைகள் உண்டு. விளையாட்டாய்த் தூண்டிவிடுவது சீண்டல். விடாமல் ஒன்றையே கேட்டு அரிப்பது நச்சரிப்பு. வெளியிலிருந்து நம்மீது வருவது தொல்லை. அதனால் நமக்குள் எழுவது எரிச்சல், கடுப்பு. பால்மரம் வெட்டிவிட்டு வந்த என் பாட்டி, “காலு கடுக்குது” என்பார். இன்று நாம், “கடுப்பாயிருச்சு” என்கிறோம். உடல்வலிக்குரிய சொல்லே மனத்துக்கும் வந்திருக்கிறது. இவை அனைத்தையும் தாண்டி நிற்பது துன்புறுத்தல்.

இந்த வேறுபாட்டின் அருமையை நான் பிழை செய்துதான் உணர்ந்தேன். இரண்டாம் படிவத்தில் படித்தபோது என் தோழி ஒருத்தி, “அண்ணனுங்க வழிய மறிச்சுத் தொடுறாங்க” என்று அழுதாள். மலாயில் சொல்லத் தயங்கிய அவளுக்காக நானே ஆசிரியரிடம் பேசினேன். “அவர்கள் இவளை டிஸ்டர்ப் செய்கிறார்கள்” என்றேன். “பையன்கள் அப்படித்தான், கண்டுகொள்ளாதே” என்று அவர் சிரித்தார். அவர் சிரித்தது என் சொல்லைக் கேட்டு. அவள் சொன்னது அவர் காதுக்கே போகவில்லை. அதன்பின் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நம் நாட்டில் 2022-இல் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் (சட்டம் 840) நிறைவேறியது. மலாயில் அதன் பெயரிலும் இடையூறு என்று பொருள்படும் ‘கங்குவான்’தான் இருக்கிறது. ஆயினும் சட்டம் அச்சொல்லோடு நின்றுவிடவில்லை. விரும்பத்தகாத பாலியல் நடத்தை பேச்சாலோ, சைகையாலோ, காட்சியாலோ, உடலாலோ நிகழலாம் என்று விளக்குகிறது.

எனவே நண்பர்களே, தம்பி தங்கையர் யாரேனும் ‘டிஸ்டர்ப்’ என்று வந்து சொன்னால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். “என்ன செய்தார்கள்?” என்று கேளுங்கள். வாய்விட்டுச் சொல்லத் தமிழில் சொற்கள் இருக்கின்றன.