நாய் லைசென்ஸும் கிராம க்ஷேமமும்

கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் அங்கத்தினராகச் சேரும்பொழுது அவருடைய பெயர், தகப்பனார் பெயர், வாசஸ்தலம், செலுத்திய பங்குத் தொகை ஆகிய யாவும் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. கறவை மாடு வாங்கக் கடன் கொடுத்தால், அம்மாட்டின் நிறம், வயது, கொம்பு, விலைமதிப்பு முதலியன குறிக்கப்படுகின்றன; காதில் எண்ணிட்ட வில்லையும் போடப்படுகிறது. ஆனால் அம்மாடு கட்டியுள்ள கொட்டகையை இரவு முழுவதும் காவல் காக்கும் நாயைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அது யாருடையது, அதற்குத் தடுப்பூசி போடப்பட்டதா, எப்பொழுது போடப்பட்டது என்று கேட்டால், பெரும்பாலும் "எங்கள் தெரு நாய்" என்பதே விடையாகக் கிடைக்கும். தெருவுக்கெல்லாம் சொந்தமான நாய்க்கு ஊசி போட அழைத்துச் செல்பவர் ஒருவருமில்லை. இக்குறையை நீக்கும் வழிகளுள் எளியது நாய் லைசென்ஸ் முறையாகும்.

லைசென்ஸ் என்பது யாது?

லைசென்ஸ் என்றவுடன் வரி என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. இன்ன அடையாளமுள்ள இந்த நாய் இன்னாருடையது, அதற்கு இன்ன தேதியில் வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது என்று ஸ்தல ஸ்தாபனத்தின் புத்தகத்தில் எழுதி, அதற்கு ஓர் எண் கொடுப்பதே லைசென்ஸ். அவ்வெண்ணைப் பொறித்த வில்லை நாயின் கழுத்துப் பட்டையில் தொங்கும். நகரங்களில் நெல்மணி அளவுள்ள மைக்ரோசிப் என்னும் சாதனத்தை நாயின் தோலுக்கடியில் செலுத்தும் வழக்கமும் வந்துவிட்டது. அதற்குரிய கருவியை மேலே காட்டினால் எண் தெரியும். எம்முறையாயினும் கருத்து ஒன்றே: நாயையும் வீட்டையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுதல்.

இது நம் நாட்டுக்குப் புதிதன்று. செங்கம் பக்கத்திலுள்ள எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்மன் ஆட்சியைச் சேர்ந்த அக்கல்லில், மாடுகளைக் காக்கும் பூசலில் இறந்த வீரனுடைய பெயரோடு, கள்வரைக் கடித்து எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் அவனுடைய நாயின் பெயரும் உருவமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 1,400 வருஷங்களுக்கு முன் இறந்த நாயின் பெயரும் அதன் எஜமானன் பெயரும் நமக்குத் தெரிகின்றன. இன்று நம் வாசலில் படுத்திருக்கும் நாயின் விவரம் பஞ்சாயத்துக்குத் தெரியவில்லை.

வெறிநாய்க்கடியும் பதிவேடும்

லைசென்ஸின் முதற் பிரயோஜனம் உயிர்க் காப்பு. வெறிநோயின் கிருமி நோயுற்ற பிராணியின் எச்சிலில் இருக்கிறது. கடியினாலும், பிராண்டலினாலும், புண்ணை நக்குவதனாலும் அது உடலுள் புகும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் வரையில் வெளிக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரைக் கண்டு அஞ்சுதல் முதலிய குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வரை நாய்களின் மூலமாகவே என்றும், உலகில் வருஷந்தோறும் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கின்றனர் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இறப்பவர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. கடிபடுபவர்களில் பலர் சிறு குழந்தைகள். அவர்கள் அடிக்கு அஞ்சி, கடியுண்டதை வீட்டில் சொல்லாமல் மறைப்பதும் உண்டு.

இந்நோய் ஓர் ஊரில் பரவாமல் நிற்க வேண்டுமானால், அவ்வூர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. நூற்றுக்கு எழுபது என்றால் நூறு எது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? ஊரில் 200 நாய்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். முகாமில் 80 நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டு, "கூட்டம் நன்றாக வந்தது" என்று கலைந்து சென்றால், பாதிக்கூட முடியவில்லை என்பதே ஒருவருக்கும் தெரியாது. பதிவேடு இருந்தால் இன்னும் 60 நாய்கள் வரவேண்டும் என்பதும், அவை எந்தத் தெருவில் எந்த வீட்டில் உள்ளன என்பதும் விளங்கும். பழைய நாய்கள் இறக்கின்றன, குட்டிகள் பிறக்கின்றன, ஊசியின் காலமும் தீர்கிறது. ஆகையால் இவ்வருஷத்திய 140 அடுத்த வருஷம் 140ஆக இராது. லைசென்ஸை வருஷந்தோறும் புதுப்பிக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

கடித்த நாய் இன்னது என்று தெரிவதும் பெரிய நன்மை. கடித்த நாயைப் பத்து நாள் வரையில் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அத்தனை நாளும் அது ஆரோக்கியமாக இருக்குமானால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்பது நிச்சயம். வைத்தியர் அதற்கேற்பச் சிகிச்சையைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் பத்து நாள் பார்த்த பின் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பது ஆபத்து. கடியுண்டவுடனே புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் கூடாது. 1907ஆம் வருஷத்தில் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்படுவதற்கு முன் தென்னாட்டார் சிகிச்சைக்கு வடக்கே கசௌலி வரை செல்ல நேர்ந்தது. வயிற்றில் போடப்பட்ட பழைய ஊசிமருந்தும் இந்தியாவில் 2004ஆம் வருஷத்துடன் நின்றுவிட்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே புஜத்தில் இலவசமாக ஊசி போடுகிறார்கள்.

பால் உற்பத்தியாளர் சங்க அங்கத்தினர்கள் மற்றொன்றையும் கருதவேண்டும். வெறிநாய் மனிதரை மட்டும் கடிப்பதில்லை. கொட்டகையிலுள்ள பசுவையும் கடிக்கும். நோய் கண்ட பசு பிழைப்பதில்லை. மாடு போயிற்று, பால் போயிற்று, தவணை மட்டும் நிற்கும். ஒரு நாயின் ஊசியைத் தவறவிட்டதனால் வரும் நஷ்டம் நாய்க்காரருடைய வீட்டோடு நில்லாமல், அயல் வீட்டுக் கொட்டகைக்கும் சங்கத்தின் கடன் கணக்குக்கும் வந்து சேரும் என்பதை உணர்ந்தால், இது சங்கத்தின் காரியமல்ல என்று ஒருவரும் சொல்லமாட்டார்.

ஏனைய நன்மைகள்

காணாமற்போன நாய் வீடு திரும்புவதற்கு வில்லை உதவுகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் நாட்டு ஜாதி நாய்களுக்கு நல்ல விலை உண்டு. அவை களவு போவதும் உண்டு. அப்பொழுது "இது என் நாய்" என்று நிரூபிக்கப் பதிவேட்டு வரி சாட்சியாகும். வில்லை கட்டிய நாயைச் சொந்தக்காரரில்லாத நாய் என்று பிடித்துச் செல்வதும் நேராது. ஒரு நாய் ஆட்டுக்குட்டியைக் கடித்ததென்று இரு வீட்டாருக்குள் மனஸ்தாபம் உண்டானால், எந்த நாய் என்பது தெளிவாவதால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

பிற இடங்களின் அனுபவம்

ஜப்பானில் 1950ஆம் வருஷம் வெறிநோய்த் தடுப்புச் சட்டம் செய்யப்பட்டது. நாய்களைப் பதிவு செய்தல், வருஷந்தோறும் ஊசி போடுதல், சொந்தக்காரரில்லாமல் திரியும் நாய்களைக் கட்டுப்படுத்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நடத்தினார்கள். 1957ஆம் வருஷத்துக்குப் பின் அந்நாட்டு நாய்களிடையே அந்நோய் இல்லை. ஏழு வருஷத்தில் முடிந்த காரியம் இது.

இங்கிலாந்தின் அனுபவம் வேறு வகையானது. அங்கே 1878 முதல் நாய் ஒன்றுக்கு ஏழரை ஷில்லிங் லைசென்ஸ் கட்டணம் இருந்தது. அத்தொகை நூறு வருஷத்துக்கு மேல் அநேகமாக மாறவேயில்லை. கட்டணம் செலுத்தியவருக்கு ஒரு சீட்டு கிடைத்ததேயன்றி, அவருடைய நாய்க்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. நாளடைவில் பாதிப்பேருக்கு மேல் லைசென்ஸ் வாங்காமல் விட்டனர். வசூல் செலவு வரவை மிஞ்சிற்று. 1987இல் அதை எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் வெறிநோயை அத்தேசத்தார் வேறு கட்டுப்பாடுகளால் முன்னமே ஒழித்திருந்தனர்.

கனடா தேசத்துக் கல்கரி நகரம் இதற்கு நேர்மாறான உதாரணம். 2000க்குப் பின் பில் புரூஸ் என்னும் அதிகாரியின் தலைமையில் அந்நகரத்தார், "கட்டாவிட்டால் அபராதம்" என்பதோடு நில்லாமல், "கட்டினால் இன்ன நன்மை" என்று காட்டினார்கள். வில்லையுள்ள நாய் தெருவில் அகப்பட்டால் பட்டியில் அடைக்காமல் நேரே வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு. லைசென்ஸ் பெற்றவருக்குக் கடைகளில் தள்ளுபடி கிடைக்கும் சீட்டும் கொடுத்தார்கள். வசூலான பணம் பொதுக் கஜானாவில் கலக்காமல் நாய்கள் சம்பந்தமான காரியங்களுக்கே செலவாயிற்று. ஏழைகளுடைய பிராணிகளுக்கு இலவசக் கருத்தடையும் நடந்தது. அதன் பயனாக அந்நகரத்து நாய்களில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு லைசென்ஸ் பெற்றன.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், கொடுத்த பணத்துக்கு ஈடான நன்மை தன் கண்முன் தெரிந்தால் ஜனங்கள் தாமே வருவர் என்பது. கூட்டுறவின் அடிப்படையும் இதுவேயன்றோ? அதிகாரத்துக்கு அஞ்சி எந்தச் சங்கமும் நிலைத்ததில்லை.

சொந்தக்காரர்கள் தயங்குவதேன்?

தயக்கங்கள் பெரும்பாலும் நான்கு. முதலாவது, கட்டணம். சென்னை மாநகராட்சியில்கூட நாய் லைசென்ஸுக்குக் கட்டணம் 50 ரூபாய் அளவே வைக்கப்பட்டது. கிராமத்தில் அதனினும் குறைவாக வைக்கலாம். இரண்டாவது, "பெயர் எழுதிக்கொடுத்தால் நாய் கடித்த பழி என் தலையில் விழும்" என்ற அச்சம். பெயர் எழுதாவிட்டாலும் அண்டை வீட்டார் அறியாததல்ல. ஊசி போட்ட சீட்டு கையிலிருப்பதே சொந்தக்காரருக்குப் பாதுகாப்பு. மூன்றாவது, தூரமும் நேரமும். கூலி வேலை செய்பவர் அரை நாள் சம்பளத்தை இழந்து நாயை இழுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குச் செல்வது அருமை. நான்காவது, "நான் வளர்க்கவில்லை, சோறு மட்டும் வைக்கிறேன்" என்பது. சோறு வைக்கும் வீட்டார் அழைத்தால்தான் அந்நாய் ஊசிக்கு நிற்கும். ஆகவே அவரே அதற்குப் பொறுப்பாளர் என்று எழுதிக்கொள்வது தக்கது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

நாய் லைசென்ஸ் வழங்கும் அதிகாரம் ஸ்தல ஸ்தாபனத்துக்கே உரியது. கேரளத்தில் 1998ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட பஞ்சாயத்து விதிகள் நாய் வளர்ப்போர் லைசென்ஸ் பெறவேண்டும் என்று கூறுகின்றன. உங்கள் பஞ்சாயத்தில் அத்தகைய ஏற்பாடு நடைமுறையில் உள்ளதா என்பதை முதலில் விசாரித்தறிக. இல்லாவிடினும் பின்வரும் காரியங்களைச் சங்கம் தானே தொடங்கலாம்.

1. பொதுக்குழுவில் விஷயத்தை எடுத்துரைத்து, தெருவுக்கு ஓர் அங்கத்தினரைப் பொறுப்பாக்கி, நாய்களின் ஜாபிதா எடுத்தல். நாயின் நிறம், ஆண் பெண், வயது, வீட்டுக்காரர் பெயர், ஊசி போட்ட தேதி ஆகிய ஐந்து கலங்கள் போதும்.

2. கால்நடை மருந்தக டாக்டரிடம் தேதி கேட்டு முகாம் வைத்தல். காலையில் பால் ஊற்ற வரும் நேரமே தக்க நேரம். ஜனங்கள் தாமே கூடும் வேளை அது. ஊசியும் பதிவும் வில்லையும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் முடியவேண்டும். மற்றொரு நாள் வாருங்கள் என்றால் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

3. குட்டிகளுக்கு மூன்று மாதமானவுடன் ஊசி போட நினைவூட்டுதல். பெண் குட்டிகளை ஊர்ப்புறத்தில் விட்டுவரும் வழக்கத்தைக் கைவிடச் செய்து, கருத்தடைக்கு ஏற்பாடு செய்தல்.

4. மொத்த நாய்கள் இத்தனை, ஊசி போட்டவை இத்தனை என்று பால் கொள்முதல் நிலையத்துப் பலகையில் எழுதிவைத்தல். எண்ணைப் பார்த்தால் குறை தெரியும். குறை தெரிந்தால் அதை நிறைக்க மனம் வரும்.

5. கட்டணம் வசூலித்தால் அதன் வரவு செலவைத் தனியாக எழுதிப் பொதுக்குழுவில் படித்துக் காட்டுதல்.

சொந்தக்காரரே இல்லாத நாய்களை லைசென்ஸ் முறை தீர்த்துவிடாது என்பது மெய். 2023ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட பிராணிகளின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை. ஆயினும் வீட்டு நாய்கள் எவை என்பது தெரிந்த பின்னரே மிஞ்சியவை எத்தனை என்று எண்ணித் திட்டம் போட முடியும்.

நாய்களால் வரும் வெறிநோய் மரணங்களை 2030க்குள் ஒழிப்பதென்று இந்திய சர்க்கார் 2021ஆம் வருஷத்தில் ஒரு தேசியத் திட்டம் வெளியிட்டார்கள். ஊரூராக நாய்கள் எண்ணப்பட்டு, ஊசி போடப்பட்டு, எழுதப்பட்டால்தான் அது கைகூடும். செப்டம்பர் 28ஆம் தேதி உலக வெறிநோய் தினம். இந்நோய்க்கு முதன்முதல் ஊசிமருந்து கண்ட லூயி பாஸ்டர் 1895இல் காலமான தினம் அது. அந்நாளுக்கு முன்பாக ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குட்பட்ட நாய்களின் ஜாபிதாவை எழுதி முடித்து ஒரு முகாமும் நடத்திவிடுமானால், அடுத்த வருஷம் எத்தனை குறைந்தன, எத்தனை கூடின என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புத்தகம் கையிலிருக்கும். முதல் வரியைக் காரியதரிசி தம் சொந்த நாயைக் கொண்டு தொடங்குவாராக.