பள்ளி மைதானம்: பெற்றோரையும் பிள்ளைகளையும் கேட்டு அமைப்போம்

ஏற்காட்டில் சமதளம் அரிது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள சேர்வராயன் மலையில், பெரும்பாலும் சரிவை வெட்டிச் சமப்படுத்தித்தான் பள்ளிக்கு மைதானம் அமைக்க வேண்டும். மண்ணைத் தாங்கக் கல் கட்டும், மழைநீர் வடிய வாய்க்காலும் இல்லாவிட்டால், நல்ல மழையில் மண் அரித்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் விளையாட இடம் இருக்காது.

தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சரிவில் மண்ணைக் காப்பதும், நிழலுக்கு சில்வர் ஓக் வளர்ப்பதும் காப்பித் தோட்டத்தில் உழைக்கும் பெற்றோருக்குக் கைவந்த வேலை. வரைபடம் போடுவதற்கு முன்பே இவர்களைக் கேட்க வேண்டும்.

பிள்ளைகளையும் கேட்க வேண்டும். பெரிய பையன்கள் பந்து விளையாட மைதானம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், சிறுவர்களும் பெண்பிள்ளைகளும் ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஓடியாட ஓரிடம், நிழலில் அமர்ந்து பேச ஓரிடம், செடி வளர்க்க ஓரிடம் என்று பிரித்தால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். நடக்க இயலாத பிள்ளைக்குச் சாய்தளமும் அவசியம்.

இவற்றைக் கேட்கும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிக்கு விளையாட்டு மைதானமும், சுற்றுச்சுவர் அல்லது வேலியும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுவே.

ஆகவே, அடுத்த கூட்டத்துக்குத் தந்தையர் மட்டுமல்ல, தாய்மார்களும் செல்லுங்கள். மைதானத்தை அந்தத் திட்டத்தில் எழுத வையுங்கள்.