தாகம் எடுப்பது தொண்டையில் இல்லை!

தாகம் எங்கே எடுக்கிறது என்று கேட்டால், "தொண்டையிலதான், வேறெங்கே?" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். உண்மையில், 'எழுந்து போய்த் தண்ணீரைத் தேடு, சோற்றைத் தேடு' என்று நம்மை விரட்டுவது மூளை. அதன் அடியில் பாதாம் பருப்பு அளவில் ஹைபோதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. பசி, தாகம் இரண்டுக்கும் முக்கியமான அதிகாரி அங்கேதான்.

1950-களில் ஸ்வீடனில் பெங்ட் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி, தாகமே இல்லாத ஆடுகளின் மூளையில் அந்த இடத்தில் துளி உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார். ஆடுகள் உடனே லிட்டர் கணக்கில் குடிக்க ஆரம்பித்துவிட்டன! ரத்தத்தில் உப்பு முதலியவற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே போதும், மூளை மணியடித்துவிடும். ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்ட ராத்திரி சொம்பைத் தேடி எழுந்திருக்கிறோமே, அது இந்த மணிதான்.

வேடிக்கை என்னவென்றால், குடித்த தண்ணீர் ரத்தத்தில் சேர்ந்து நிலைமை சீராகப் பல நிமிஷம் பிடிக்கும். ஆனால், 2016-ல் எலிகளில் பார்த்தபோது, குடிக்கத் தொடங்கிய ஒரு நிமிஷத்துக்குள் தாக நரம்புகள் அடங்கிவிட்டன. வாயில் குளிர்ச்சி பட்டதற்கே அடங்கின. பசி நரம்புகளுக்கு அவசரம் இன்னும் ஜாஸ்தி. தீனியைக் கண்ணால் கண்டதுமே தணிய ஆரம்பித்ததாம். (சமைத்து முடித்ததும் நமக்குச் சாப்பிடவே தோன்றுவதில்லையே, அதற்கும் இதுதான் காரணமோ என்று எனக்கொரு சந்தேகம்!)

விளையாட்டு நடுவே ஓடிவந்து இரண்டு மடக்கு ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டு, "போதும்மா" என்று ஓடுகிற பிள்ளை பொய் சொல்லவில்லை. வாய் குளிர்ந்ததில் தாகம் கொஞ்சம் அடங்கிவிட்டது. உடம்புக்குப் போதுமா என்பது வேறு விஷயம்.

வயசானவர்கள் சமாசாரம்தான் கவலைக்குரியது. அவர்களுக்கு அந்த மணியே மெதுவாகத்தான் அடிக்கிறது. 1984-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆரோக்கியமான முதியவர்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீரில்லாமல் இருக்கச் செய்தார்கள். பிறகு தண்ணீர் கொடுத்தபோது முதியவர்கள் குறைவாகவே குடித்தார்கள். அவ்வளவாகத் தாகமில்லை என்றார்கள்.

என் மாமியாருக்கு 78 வயசு. போன கத்திரி வெயிலில், "தாகமே எடுக்கலைம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் தலைசுற்றல், பேச்சில் குழறல், சிறுநீர் கடும் மஞ்சள். டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, "கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாங்க. கேட்காம கொடுங்க" என்றார்.

இப்போதெல்லாம் "அத்தை, தண்ணி வேணுமா?" என்ற கேள்வியே கிடையாது. எழுந்ததும் ஒரு டம்ளர், 11 மணிக்கு நீர்மோர், மத்தியானம் தெளிவாக ரசம், 4 மணிக்கு இன்னொரு டம்ளர். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கணுமே என்று அவருக்குப் பயம். அதனால் 6 மணிக்குள் பெரும்பாலும் கொடுத்து முடித்துவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இருதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், டாக்டரைக் கேட்டு அளவைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.