திரைக்குப் பின்னால் நிற்பவர் யார்?

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் வரசித்தி விநாயகர் திருக்கோயில் உள்ளது. அப்பெருமான் முன்னிலையில் பொய்ச்சத்தியம் செய்ய மக்கள் அஞ்சுவர். தீராப் பிணக்குகளையும் அங்கே சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வர். அதே சித்தூர் வட்டாரத்தில்தான், கோடையில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறுகின்றது. சத்தியத்தைப் போற்றும் மக்களே வேடத்தையும் விரும்பிக் காண்கின்றனர். இது முரண்பாடன்றோ?

அன்று. கூத்தின் முறையைச் சற்று நோக்குங்கள். இருவர் திரை பிடிப்பர். அதன் பின்னே கிரீடமும் அரிதாரமும் புனைந்த கூத்தர் வந்து நிற்பார். "நீர் யார்?" என்று கட்டியங்காரன் வினவுவான். சபையறியத் தம் பெயரைச் சொல்லிய பின்னரே அவர் கதைக்குள் புகுவார். இறுதி நாளன்று, படுகளத்தில் துரியோதனனின் பேருருவை மண்ணால் அமைப்பர்; அதன்மீதும் அதனைச் சுற்றியும் துரியோதன வேடத்தினர் ஆடுவார். ஒரே பாத்திரத்திற்கு மண்ணுடல் ஒன்று, மனிதவுடல் ஒன்று! கூத்து முடிந்ததும் அரிதாரம் கலையும். அரசர் மீண்டும் நம் அயலூர்க்காரராவார்.

இன்று கணினி படைக்கும் தோற்ற உலகை 'மெய்ந்நிகர் உலகம்' என்கிறோம். இப்பெயரும் நாடகத்திற்கு அயலன்று. பிரெஞ்சு நாடக அறிஞர் அந்தோனன் அர்த்தோ, 1938இல் வெளிவந்த தம் நூலிலேயே நாடகத்தை மெய்ந்நிகர் என்று குறித்தார். 2016இல் இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 'டெம்பெஸ்ட்' நாடகத்தை அரங்கேற்றியபோது, ஏரியல் வேடத்தினரின் உடையில் உணர்கருவிகளைப் பொருத்தினர். அவர் அசைய, ஒளியுருவம் அசைந்தது. நடிகரையும் உருவத்தையும் மக்கள் ஒருங்கே கண்டனர்.

ஆனால், கைப்பேசியில் தோன்றும் முகத்திற்குக் கட்டியங்காரன் இல்லை. மகனின் குரலை இயந்திரத்தால் போலிசெய்து, பெற்றோரிடம் பணம் பறிக்கும் வஞ்சகம் இன்று நடக்கின்றது. கடல்கடந்து வாழும் நமக்கோ முகமும் குரலுமே உறவுப் பாலம். ஆகவே, வீட்டார் மட்டும் அறிந்த அடையாளச் சொல் ஒன்றை இன்றே வகுத்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்து, பழகிய எண்ணில் நீங்களே அழையுங்கள். "நீர் யார்?" என்று கேட்பது அன்பிற்குக் குறைவன்று என ஊரிலுள்ள பெரியோருக்கும் எடுத்துரையுங்கள்.

பெயர் சொல்லி வரும் வேடம் கலை. பெயர் மறைத்து வரும் வேடம் வஞ்சம்.