உடைந்த ஓடுகள் – 11: மேசைமேல் வளரும் சுவர்

சிகாகோ நகரின் நடுவில் காலியாகக் கிடந்த 37ஆம் மனையில் 1991 கோடையில் கூடாரம் போட்டு, இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கலைவேலை பழக்கிய 'கேலரி 37' பற்றிப் போன வாரமே சொல்லியாகிவிட்டது. அதைத் தொடங்கிய மேகி டேலி, லோயிஸ் வைஸ்பெர்க் இருவரையும் மறந்துவிடாதீர்கள்; இனியும் வருவார்கள்.

அந்தத் திட்டத்தின் வழிவந்த பிள்ளைகள் மொசைக் சுவர் செய்த கதையைத்தான் இந்த வாரம் சொல்ல நினைத்தேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஓடு வெட்டியே பழகாத பதினாறு வயசுப் பிள்ளையை நம்பி, ஊரே பார்க்கும் ஒரு சுவரை எப்படி ஒப்படைக்கிறார்கள்? விடையைத் தேடினால் இத்தாலியில், ஃப்ரியூலி பகுதியில் உள்ள செக்குவால்ஸ் என்ற சிற்றூரில் போய் நிற்கிறது.

ஜான்தொமேனிகோ ஃபக்கீனா அங்கே 1826இல் பிறந்தவர். அவர் காலம்வரை பெரிய மொசைக் என்றால், சாரத்தில் நின்றுகொண்டு ஈரச் சாந்தில் ஒவ்வொரு சில்லாக அமுக்கிக்கொண்டே போக வேண்டும். சாந்து காத்திருக்காது. அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் பூச முடியும். கை தேர்ந்தவர் தவிர யாரையும் அந்தச் சாரத்தில் ஏற்ற முடியாது. செலவோ மலைக்க வைக்கும்.

ஃபக்கீனா பிரான்சில் பழைய ரோமானியத் தரைகளைப் பெயர்த்து எடுத்து, வேறிடத்தில் பதிக்கும் வேலை பார்த்தவர். அந்தக் கையோடுதான் புது மொசைக்கையும் அவர் அணுகினார். பட்டறையில் உட்கார்ந்து, படத்தை இடவலம் மாற்றிக் காகிதத்தில் வரைந்து, சில்லுகளின் முகத்தை அதன்மேல் கவிழ்த்து ஒட்டுவது. தண்ணீரில் கரையும் பசை. ரப்பர் ஸ்டாம்பில் இருப்பதுபோல எழுத்தெல்லாம் திரும்பியிருக்கும். காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு, கட்டடத்துக்குக் கொண்டுபோய்ச் சாந்தில் அழுத்த வேண்டும். பிறகு காகிதத்தை நனைத்து உரித்தால் படம் நேராக நிற்கும்! 1875இல் திறந்த பாரிஸ் ஓபரா மாளிகையின் மொசைக் விதானம் இப்படித்தான் சாத்தியமானது.

செக்குவால்ஸுக்குப் பக்கத்து ஊரான ஸ்பிலிம்பெர்கோவில் 1922இல் தொடங்கிய மொசைக் பள்ளி இன்றும் நடக்கிறது. நம் வீடுகளில் கல்சில்லைச் சிமென்டில் கலந்து தேய்த்து மெருகேற்றுவோமே, அந்தத் தரைவேலையிலும் ஃப்ரியூலிக்காரர்கள் பேர் போனவர்கள்.

ஃபக்கீனா செய்ததில் என்னை அசைத்தது சிக்கனம் மட்டுமல்ல. வேலையைச் சாரத்திலிருந்து மேசைக்கு இறக்கிவிட்டார். மேசையில் பத்துப் பேர் உட்காரலாம். அவசரம் இல்லை. தப்பாக ஒட்டினால் பெயர்த்து மறுபடி ஒட்டலாம். தெரியாதவன் தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழக அதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்று இளைஞர்களோடு செய்யும் சுவர்களில் காகிதத்துக்குப் பதில் பெரும்பாலும் ஃபைபர் வலைதான். வரைபடத்தை மேசையில் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் வலை. சில்லு முகம் மேலே பார்க்க ஒட்டுவதால் படம் திரும்புவதில்லை. குறடு பிடிப்பதுதான் முதல் பாடம். ஓட்டின் ஓரத்தை மட்டும் லேசாகக் கவ்வவிட்டு அமுக்கினால் விரிசல் கோடாக ஓடி ஓடு இரண்டாகும். நடுவரைக்கும் குறட்டை நுழைத்து நெரித்தால் நொறுங்கிப்போகும். கண்ணாடி அணியாமல் குறட்டைத் தொடக்கூடாது. தெறிக்கும் சில்லு கண்ணைத்தான் தேடும்.

மேசை இருந்தால் மட்டும் போதாது, கூலியும் வேண்டும். கேலரி 37 வளர்ந்து 'ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ்' ஆன பிறகும், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பதை அவர்கள் விடவில்லை. பள்ளி விட்டதும் கடையில் வேலைக்குப் போயாக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு, இலவசக் கலை வகுப்பு எட்டாத தூரம். பணம் கொடுக்கிறபோதுதான் அந்தப் பிள்ளையும் மேசைக்கு வருகிறது. இலவசப் பயிற்சியே போதும் என்பவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போகாது.

முதலில் சொன்ன பிள்ளைகள் சிகாகோவின் ஃபாஸ்டர் அவென்யூ சுரங்கப்பாதையில், லேக் ஷோர் டிரைவ் சாலைக்கு அடியில், 2009இல் செய்து முடித்த 'இந்தியன் லேண்ட் டான்சிங்' சுவருக்கு இந்த வாரம் இடமில்லை. டிரேசி வான் டியூனன், டாட் ஆஸ்பார்ன், சிந்தியா வைஸ் மூவரும் முன்நின்று, அமெரிக்கப் பூர்வகுடிகளைப் போற்றிச் செய்த சுவர் அது. அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குகிறேன். சிகாகோ குளிரும் கூடவே வரும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். ஓட்டுக்குள் ஊறிய நீர் அப்படி விரிந்தால் ஓடு வெடிக்கும். குளியலறையில் ஒட்டும் டைல்ஸை அந்த ஊரில் வெளிச்சுவரில் ஒட்ட விடமாட்டார்கள். எதை ஒட்டுவார்கள், எப்படிப் பொறுக்குவார்கள் என்பதையும் அப்போது பார்ப்போம்.

(தொடரும்)